கட்டளையின் இன்மை: இணையவழிக் கூட்ட நிர்வாகத்தில் ஒரு பழைய வினா

ஒரு நிறுவனத்தின் இணையவழிக் கூட்டங்களில் யார் நேரே நுழையலாம், யார் வாயிற்புறத்தே காத்திருக்கவேண்டும், எதனைப் பதிவு செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்ற விதிகளை ஆயிரக்கணக்கான பயனர்களுக்கு ஒரே முறையில் வகுத்துவிடும் நோக்கத்தோடு, நிர்வாகி ஒருவர் பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சென்ற வாரம்வரை பணிந்து நடந்த கட்டளையொன்றைத் தட்டச்சு செய்கிறார். அப்பெயரில் கட்டளையோ, ஃபங்ஷனோ, ஸ்கிரிப்ட் கோப்போ, இயக்கத்தக்க நிரலோ எதனையும் தான் அறியாததாகவும், எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்குமாறும் சிவந்த எழுத்தில் மறுமொழி வருகிறது. எழுத்துக்கூட்டலில் பிழை ஏதும் இல்லை. இருக்கவேண்டிய கட்டளை ஏன் இல்லாமற்போயிற்று என்ற இந்த வினா, லிங்க், ஸ்கைப் ஃபார் பிசினஸ், டீம்ஸ் என்று பெயர் மாறி மாறி வந்த மைக்ரோசாஃப்டின் கூட்டச் செயலிகளை நிர்வகிப்போரிடையே 2010 முதற்கொண்டே கேட்கப்பட்டு வருகிறது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகளோ ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதோடு, சில சந்தர்ப்பங்களில் ஒன்றின் நிவாரணமே மற்றொன்றின் நோயாகவும் முடிந்திருக்கிறது.

இன்மை என்பது ஒரே தன்மைத்து என்று நம் தருக்க நூலார் கொள்ளவில்லை. ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் உள்ள இன்மை, அது அழிந்தபின் உள்ள இன்மை, முக்காலத்திலும் உள்ள இன்மை, ஒன்று மற்றொன்றாகாத இன்மை என்று அபாவத்தை அவர்கள் நான்காகப் பகுத்தனர். குடம் வனையப்படுமுன் இல்லாததும் உடைந்தபின் இல்லாததும் ஒரே ‘இல்லை’ ஆகா என்பது அவர்கள் கருத்து. தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கித் தந்தமையால் இப்பாகுபாடு தமிழ் மாணாக்கர்க்கும் எட்டிற்று. கணினிக் கட்டளையைப் பற்றிய விவாதத்திற்குள் இதனை இழுத்துவருவது மிகையென்று தோன்றலாம். ஆயினும் இவ்விஷயத்தில் எழுந்துள்ள அபிப்பிராய பேதங்களை ஊன்றி நோக்குமிடத்து, ஒவ்வொரு சாராரும் ஒருவகை இன்மையைமட்டும் கண்டு, அதனையே இன்மை முழுவதுமாகக் கொண்டிருப்பது புலப்படும்.

வினாவின் பூர்வ சரித்திரம்

கட்டளை காணப்படவில்லை என்ற மறுமொழி பவர்ஷெல்லோடு பிறந்ததன்று. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல், தட்டச்சு செய்யப்பட்ட சொல்லை எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதைப் ‘பாத்’ என்னும் மாறியில் வைத்திருந்தது. அவ்வரிசையில் எங்கும் அகப்படாத கட்டளை, அந்த ஷெல்லைப் பொறுத்தவரை இல்லாத கட்டளையே. எம்எஸ்-டாஸ் காலத்தில் தவறான கட்டளை அல்லது கோப்புப் பெயர் என்ற ஒரே வாசகம், இரண்டில் எது தவறு என்று சொல்லாமலே, ஒரு தலைமுறையைத் திகைக்கவைத்தது. இவ்விடத்தில் யூனிக்ஸ் மரபு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காத்துவந்தமை குறிப்பிடத்தக்கது: பாசிக்ஸ் தரவிதியின்படி, கட்டளை அகப்படாவிட்டால் ஷெல் திருப்பித்தரும் எண் 127, அகப்பட்டும் அதனை இயக்க இயலாவிட்டால் 126. இல்லாமை வேறு, இயலாமை வேறு என்பதை இரண்டு எண்களால் பிரித்துக்காட்டிய அந்தச் சிக்கனமான விவேகம் பின்னே வந்தவற்றில் எங்கே நழுவிற்று என்பது இக்கட்டுரையின் போக்கில் தெளிவாகும்.

மைக்ரோசாஃப்டின் ஜெஃப்ரி ஸ்னோவர் 2002-இல் மோனாட் என்ற பெயரில் முன்வைத்த திட்டமே 2006 நவம்பரில் பவர்ஷெல் முதற்பதிப்பாக உருப்பெற்றது. வினைச்சொல் முன்னும் பெயர்ச்சொல் பின்னுமாக, இடையே சிறுகோடிட்டுக் கட்டளைகளுக்குப் பெயரிடும் ஒழுங்கு அதன் பிரதான லட்சணம். பெயரின் ஒழுங்கு உண்மையின் ஒழுங்கைப் பற்றிய நம்பிக்கையையும் ஊட்டிவிடுகிறது. ‘கெட்’ என்று தொடங்கும் கட்டளை இருந்தால் அதற்கு இணையான ‘செட்’ கட்டளையும் இருந்தே தீரும் என்று நிர்வாகி அனுமானிக்கிறார். பல சமயம் இருக்கிறது. சில சமயம் அது ஒருபோதும் இருந்ததே இல்லை. முக்காலத்தும் இல்லாத இவ்வகை இன்மை, தேடுவோரை மிக நீண்ட நேரம் அலைக்கழிப்பது.

கூட்டச் செயலிகளின் கட்டளைகள் தமக்கெனப் பூண்ட அடையாளம் ‘சிஎஸ்’ என்ற இரண்டெழுத்து. கம்யூனிகேஷன்ஸ் சர்வர் என்ற பழைய பெயரின் எச்சம் அது. லிங்க் சர்வர் 2010 வெளிவந்தபோதே அப்பெயர் போய்விட்டது, எழுத்துகள் போகவில்லை. 2015-இல் லிங்க் என்பது ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆனபோதும் போகவில்லை. டீம்ஸ் கட்டளைகளிலும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. இறந்துபட்ட பெயரொன்று கட்டளைகளின் முதுகில் ஏறிக்கொண்டு மூன்று செயலிகளைக் கடந்து வந்ததால், ஒரே குடும்பப் பெயருடைய கட்டளைகள் மூன்று வேறு வீடுகளில் வாழ நேர்ந்தது. சொந்த சர்வரில் வாழ்வது கெட்-சிஎஸ்யூசர். இணையத்தில் வாழ்வது கெட்-சிஎஸ்ஆன்லைன்யூசர். கூட்ட விதிகளைக் காட்டும் கெட்-சிஎஸ்மீட்டிங்கான்ஃபிகரேஷன் ஸ்கைப் ஃபார் பிசினஸுக்கு உரியது. டீம்ஸில் அதனையொத்தது கெட்-சிஎஸ்டீம்ஸ்மீட்டிங்கான்ஃபிகரேஷன். ஒன்று மற்றொன்றன்று என்ற இன்மைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஒரு வீட்டுக் குறிப்பேட்டைப் பார்த்து மறுவீட்டில் பெயர் சொல்லி அழைத்து, வரவில்லையே என்று கலங்கியவர்கள் எத்துணையோ பேர்.

இடத்தைத் தேடுவோர்

முதல் சாரார் கட்டளையின் இன்மையை இடத்தின் கோளாறாகக் காண்கின்றனர். இவர்கள் யூனிக்ஸ் பரம்பரையின் நேர் வாரிசுகள். கட்டளை ஒரு மாட்யூலில் உறைகிறது; மாட்யூல் ஒரு கோப்புறையில் உறைகிறது; அக்கோப்புறையின் முகவரி ‘பிஎஸ்மாட்யூல்பாத்’ என்னும் மாறியில் இல்லையேல் பவர்ஷெல் அதனைக் காணாது. 2012-இல் வந்த பவர்ஷெல் மூன்றாம் பதிப்பு, கட்டளையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அது உறையும் மாட்யூலைத் தானே தேடி ஏற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தபின், இடத்தைப் பற்றிய கவலை ஒழிந்ததென்று பலரும் எண்ணினர். ஆனால் அவ்வசதியும் மேற்சொன்ன மாறி காட்டும் வீதிகளில்மட்டுமே உலாவுவது.

இவர்கள் பட்டியலிடும் காரணங்கள் அற்பமானவை அல்ல. விண்டோஸ் பவர்ஷெல் 5.1, பவர்ஷெல் 7 ஆகிய இரண்டும் ஒரே கணினியில் அருகருகே வாழ்வன. பயனர் தமக்கென இன்ஸ்டால் செய்துகொள்ளும் மாட்யூல்களை முன்னது ஆவணங்கள் கோப்புறையின் கீழ் ‘விண்டோஸ்பவர்ஷெல்’ என்ற பெயரிலும், பின்னது ‘பவர்ஷெல்’ என்ற பெயரிலும் தனித்தனியே வைத்துக்கொள்கின்றன. ஒரு வீட்டில் வாங்கிவைத்த பண்டம் அடுத்த வீட்டு அடுக்களையில் இராது. 32 பிட் சாளரத்துக்கும் 64 பிட் சாளரத்துக்கும் நிரல் கோப்புறை வேறு. இவற்றினும் தந்திரமானது கணக்கின் பேதம்: தம் அன்றாடக் கணக்கில் மாட்யூலை இன்ஸ்டால் செய்த ஒருவர், உயர் அதிகாரமுள்ள மற்றொரு கணக்கைக்கொண்டு சாளரத்தைத் திறக்கும்போது, அம்மாட்யூல் அக்கணக்கின் கண்ணுக்குத் தென்படுவதில்லை. இரவில் தானே ஓடும்படி அமைத்த ஸ்கிரிப்ட் காலையில் தோற்றுக் கிடப்பதற்கும் இதுவே சாதாரணக் காரணம். அது வேறொரு சேவைக் கணக்கின் பெயரில் ஓடியது.

இக்கொள்கையின் பலம் அதன் எளிமை, பலவீனமும் அதுவே. இடத்தின் கோளாறு என்று தீர்மானித்தவுடன் இவர்கள் கையாளும் நிவாரணம் மீண்டும் இன்ஸ்டால் செய்வது. அதனால் கோளாறு நீங்காத இடங்களில் மற்றொரு பிரதி குவிகிறது. ஒரே மாட்யூலின் இரண்டு மூன்று பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. எது ஏறிற்று என்பதே புதிய வினாவாகிறது. மேலும், ஒரு சாளரத்தில் ஒருமுறை ஏறிய டாட்நெட் நூலகம் அச்சாளரம் மூடப்படும்வரை இறங்குவதில்லை. புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்து அதே சாளரத்தில் முயல்பவர் பழைய பதிப்போடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மாட்யூலும் டீம்ஸ் மாட்யூலும் உள்நுழைவுக்கான ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைச் சுமந்துவந்து, முதலில் ஏறியது இரண்டாவதை வழிமறித்த சந்தர்ப்பங்களும் நிர்வாகிகள் நன்கறிந்தவை. இங்கே கட்டளை தன் இடத்தில்தான் இருக்கிறது. அண்டைவீட்டார் கதவைச் சாத்திவிட்டார்.

இரவல் கட்டளைகள்

இடவாதிகளின் சித்தாந்தத்தைத் தலைகீழாக்கியது பவர்ஷெல் இரண்டாம் பதிப்பு 2009-இல் கொணர்ந்த தொலை இயக்கம். இம்முறையில் கட்டளை நிர்வாகியின் கணினியில் இல்லவே இல்லை. மைக்ரோசாஃப்டின் சர்வரில் ஒரு செஷன் திறக்கப்படுகிறது. அந்தச் செஷனில் எந்தெந்தக் கட்டளைகள் உண்டோ அவற்றின் பெயரால் நிழல் ஃபங்ஷன்கள் நிர்வாகியின் கணினியில் ஒரு தற்காலிக மாட்யூலாக உருவாக்கப்படுகின்றன. அவர் அழைப்பது நிழலை, வேலை செய்வது தொலைவிலுள்ள நிஜம். ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன்லைனின் நிர்வாகம் நெடுங்காலம் இவ்வாறே நடந்தது. கனெக்டர் என்னும் சிறு மாட்யூலை இன்ஸ்டால் செய்து, நியூ-சிஎஸ்ஆன்லைன்செஷன் என்ற கட்டளையால் செஷனைத் திறந்து, இம்போர்ட்-பிஎஸ்செஷன் என்ற கட்டளையால் நிழல்களை இறக்குமதி செய்யவேண்டும். இவற்றுள் இரண்டாவதோடு நின்றுவிட்டவர்களுக்கு எல்லாம் சரியாக நடந்தது போலத் தோன்றும். கட்டளை ஒன்றுகூட வராது.

இரவல் பொருள்களுக்கே உரிய இடர்கள் இங்கே மலிந்தன. தற்காலிக மாட்யூல் கையொப்பமிடப்படாத ஸ்கிரிப்டாதலால், ஸ்கிரிப்ட்களை ஓடவிடாத கணினியில் அது ஏறாது. செஷன் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முறிந்துவிடும். நீண்ட ஸ்கிரிப்டின் முற்பாதி வென்று பிற்பாதி தோற்கும் விநோதம் இதனால் நேர்ந்தது. இறக்குமதியின்போது ஏற்கெனவே அதே பெயரில் ஒரு கட்டளை இருக்குமாயின், வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டாலன்றிப் பவர்ஷெல் புதியதை ஏற்காது. சொந்த சர்வரையும் இணையச் சேவையையும் ஒரே சாளரத்தில் ஆண்டவர்கள் இதனால் அடைந்த குழப்பம் தனி அத்தியாயத்திற்கு உரியது. அக்குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு இறக்குமதிக்கு ஒரு முன்னொட்டுக் கொடுத்தவர், பெயர்ச்சொல்லின் தலையில் அவ்வொட்டு ஏறிவிட்டதை மறந்து பழைய பெயரால் அழைத்து ஏமாந்தார். இறக்குமதியை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து எழுதியவரோ, அந்த ஃபங்ஷன் முடிந்ததும் நிழல்களும் மறைவதைக் கண்டார். அவற்றைச் சாளரம் முழுவதற்கும் உரியவையாக்கத் தனியே சொல்லவேண்டும் என்பது அனுபவத்தால் அறியவேண்டியதாயிருந்தது. இவை ஒவ்வொன்றும் மேலே கண்ட அதே சிவப்பு வாசகத்தையே வெளியிடக்கூடியவை. இத்தனை காரணங்களுக்கும் ஒரே முகம் இருந்ததுதான் இவ்வினாவின் துர்ப்பாக்கியம்.

காலத்தைத் தேடுவோர்

இரண்டாவது சாராரின் மந்திரம் ‘அப்டேட் செய்’ என்பது. கட்டளை இல்லையெனில் உம்மிடம் இருப்பது பழைய பதிப்பு. புதியதைக் கொணர்ந்தால் கட்டளையும் வரும் என்பர். மாட்யூல்கள் பவர்ஷெல் கேலரி என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து வரத்தொடங்கியதும், இணையச் சேவைகளின் அம்சங்கள் ஓயாது மாறுவதும் இக்கொள்கைக்கு ஊட்டம் அளித்தன. முன்னோட்டப் பதிப்பில்மட்டும் உள்ள கட்டளை பொதுப் பதிப்பை வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. அதனை வேண்டுவோர் முன்னோட்டப் பதிப்பென்று குறிப்பிட்டே இன்ஸ்டால் செய்யவேண்டும். இது தோன்றுவதற்கு முன் உள்ள இன்மை. இவர்கள் கூற்று இங்கே முற்றிலும் பொருந்துகிறது.

பொருந்தாத இடம் அழிந்தபின் உள்ள இன்மை. 2020-இன் பெருந்தொற்று அலுவலகங்களையும் பள்ளிகளையும் ஒருசேரத் திரைக்குள் தள்ளியபோது, டீம்ஸை நாள்தோறும் பயன்படுத்துவோர் தொகை மார்ச்சில் 4 கோடியே 40 லட்சம் என்றும், ஏப்ரல் முடிவில் 7 கோடியே 50 லட்சம் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அழையாதார் நுழையாமல் வாயிலில் நிறுத்தும் விதிகளை வகுக்க நிர்வாகிகள் கட்டளைகளை நாடிய காலமும் அதுவே. அதே ஏப்ரலில் கேலரி, டிஎல்எஸ் என்னும் இணைப்புப் பாதுகாப்பு நெறியின் 1.2 பதிப்புக்குக் குறைந்த இணைப்புகளை ஏற்பதை நிறுத்தியது. பழைய அமைப்பிலிருந்த கணினிகளில் இன்ஸ்டால் கட்டளையே, களஞ்சியத்தில் அப்படியொரு பொருள் இல்லை என்ற தோரணையில் பதிலிறுத்தது. அப்டேட்டைப் பரிந்துரைப்போரின் மருந்துக்கடையே பூட்டிக்கிடந்த நிலை அது. பூட்டைத் திறக்க அந்தச் சாளரத்தில் டிஎல்எஸ் 1.2-ஐ இயக்கிவைக்கும் ஒற்றை வரி போதும். ஆனால் பிழைச் செய்தி அதைப்பற்றி வாய்திறக்கவில்லை.

அடுத்து வந்த மாற்றம் இன்னும் ஆழமானது. தனிக் கனெக்டர் மாட்யூல் 2020-இல் டீம்ஸ் மாட்யூலுக்குள் ஐக்கியமாயிற்று. 2021-இல் வந்த அதன் இரண்டாம் பெரும்பதிப்பில் நியூ-சிஎஸ்ஆன்லைன்செஷன் என்ற கட்டளை நீக்கப்பட்டு, கனெக்ட்-மைக்ரோசாஃப்ட்டீம்ஸ் என்ற ஒரே வாயில்மட்டும் எஞ்சியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன்லைன் சேவையே ஓய்வு பெற்றது. ஆக, அப்டேட் செய்ததன் காரணமாகவே கட்டளையை இழந்தவர்கள் தோன்றினர். பழைய பதிப்பின் எண்ணைக் குறிப்பிட்டு அதனையே கட்டிப்பிடித்துக்கொண்டவர்களும் நெடுநாள் தப்பவில்லை. மறுமுனையிலிருந்த சேவை மூடப்பட்டபின் கட்டளையின் பெயர் இருந்தும் பயனில்லாமற் போயிற்று. சொந்தக் கணினியிலுள்ள நிரலுக்குப் பதிப்பை உறையவைத்தல் ஒரு தற்காப்பு. தொலைவிலுள்ள சேவைக்கு அது தவணை வாங்கிய தோல்வி.

அதிகாரத்தைத் தேடுவோர்

மூன்றாவது சாராரின் கருத்து மிகவும் சுவாரசியமானது. அதிகம் புறக்கணிக்கப்பட்டதும் அதுவே எனலாம். கட்டளை இருக்கிறது, இன்ஸ்டாலும் சரி, பதிப்பும் சரி. அழைப்பவருக்கு அதனைப் பார்க்கும் உரிமை இல்லை என்பர் இவர்கள். இதன் பிறப்பிடம் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2010. அதில் புகுந்த பொறுப்புவழி அதிகார முறை, ஒவ்வொரு நிர்வாகிக்கும் அவர் பொறுப்புக்கு ஏற்பக் கட்டளைகளை அளந்து கொடுத்தது. அளவுக்கு மேற்பட்டவை மறுக்கப்படவில்லை, காட்டப்படவேயில்லை. லிங்க் சர்வர் 2010-உம் இம்முறையைத் தழுவியது. எனினும் தொலைவிலிருந்து இணைவோருக்கே அது பொருந்தியது, சர்வரிலேயே அமர்ந்து கட்டளையிடுவோரைக் கட்டுப்படுத்தியது அவர்களுடைய குழு உறுப்புரிமைதான். ஆகவே ஒரே நிர்வாகி சர்வர் அறையில் நின்றால் உள்ள கட்டளை, தம் மேசைக்குத் திரும்பினால் இல்லாத கட்டளையாகலாம். இடவாதிகள் இதனை இடத்தின் கோளாறென்றே சாதிப்பர். தோற்றமும் அவர்கள் பக்கமே சாட்சி சொல்லும்.

இணையச் சேவையில் இது மேலும் நுணுக்கமாயிற்று. பொறுப்புகளை நிரந்தரமாக வைத்திராமல், வேண்டும்போது சில மணி நேரத்துக்குமட்டும் உயிர்ப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. காலையில் டீம்ஸ் நிர்வாகியாய் இருந்தவர் மாலையில் வெறும் பயனர். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு, கணினியில் எதுவும் மாறாதிருக்கையில், மாறியது கேட்பவரே என்ற விடை கிடைக்கும் சந்தர்ப்பம் இது.

இல்லாததுபோல் காட்டுவதா, இருப்பதைச் சொல்லி மறுப்பதா என்ற பிரச்சினை கட்டளைகளுக்குமட்டும் உரியதன்று. இணையத்தின் எச்டிடிபி நெறியில் 403 என்பது அனுமதி மறுப்பு, 404 என்பது காணப்படாமை; ஆனால் ஒரு பொருள் இருப்பதையே மறைக்க விரும்பும் சர்வர் 403-க்குப் பதிலாக 404 என்று சொல்லலாம் என 2014-இல் வெளியான ஆர்எஃப்சி 7231 வெளிப்படையாக இடமளித்தது. மறைத்தலை ஆதரிப்போர் வாதம் பாதுகாப்பைப் பற்றியது: எது உள்ளதென்று அறியாதவன் அதனைத் தாக்க முயலான். இவ்வாதம் இரகசியமான பொருளுக்குப் பொருந்தும். கூட்ட விதியை மாற்றும் கட்டளையின் பெயரோ மைக்ரோசாஃப்டின் பகிரங்க ஆவணங்களில் உதாரணங்களோடு அச்சாகியிருப்பது. ஊரறிந்த பெயரை அதன் சொந்த நிர்வாகிக்குமட்டும் ஒளித்துவைப்பதால் காக்கப்படும் இரகசியம் எதுவென்று விளங்கவில்லை. நான்கு வகை இன்மையுள் எதிலும் இது அடங்காது. உள்ள பொருளின்மேல் போர்த்த திரை இது. இன்மையென்று இதற்குப் பெயரிட்டதே முதற்பிழை.

இச்சாராரின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். அதிகாரமின்மையே காரணமென்று முடிவுகட்டியவர், உச்ச அதிகாரமுள்ள கணக்கைக் கேட்டுப் பெற்று முயல்கிறார். அக்கணக்கு வேறு கணினியில், வேறு சாளரத்தில், வேறு பதிப்போடு இருக்க நேர்வதால் கட்டளை வந்துவிடுகிறது. காரணம் அதிகாரமே என்ற பொய்த்தீர்ப்பு உறுதிப்படுகிறது. அதன் விளைவாக, தேவைக்கு மிஞ்சிய அதிகாரம் நிரந்தரமாக ஒருவர் கையில் தங்கிவிடுகிறது. சிறு கோளாறுக்குக் கொடுத்த பெரிய விலை அது.

கட்டளையையே கைவிடச் சொல்வோர்

நான்காவது தரப்பு, மாட்யூல்களோடு மல்லாடுவதை விட்டு, நேரே சேவையின் ஏபிஐ வாயிலில் நிற்கச் சொல்கிறது. ஜூம் போன்ற நிறுவனங்கள் ரெஸ்ட் ஏபிஐயைத்தான் நிர்வாகத் தானியக்கத்தின் பிரதான வழியாக வைத்தன. மைக்ரோசாஃப்டும் கிராஃப் என்னும் ஏபிஐயின் திசையில் நகர்ந்து, எம்எஸ்ஆன்லைன் முதலிய பழைய மாட்யூல்களை 2024 மார்ச் முடிவில் வழக்கொழிந்தவையாக அறிவித்தது. டீம்ஸ் மாட்யூலின் உட்புறமும் தொலை செஷனை விட்டு ஏபிஐ அழைப்புகளுக்குப் படிப்படியாக மாற்றப்பட்டது. முகவரி என்றும் ஒன்று. இடமும் பதிப்பும் தொல்லை தாரா என்பது இவர்கள் வாதம். ஆனால் ஏபிஐயிலும் பதிப்புகள் உண்டு, பீட்டா வாயில் உண்டு, உள்நுழையும் முறை மாறுதல் உண்டு. ஜூம் தன் ஜேடபிள்யூடி வகைச் செயலிகளை 2023-இல் விலக்கியபோது, ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்கள் உள்ளே விடப்படாமல் நின்றன. தவிரவும், டீம்ஸ் கூட்ட விதிகளில் பலவற்றுக்கு நெடுநாள் பவர்ஷெல் கட்டளைகளே வழியாயிருந்தமையால், கைவிடச் சொன்ன அறிவுரை வேண்டிய இடத்தில் பயன்படவில்லை.

காணாமையும் இன்மையும்

மீமாம்சகருள் குமாரிலபட்டரின் வழியினர் அனுபலப்தி என்பதைத் தனிப் பிரமாணமாகக் கொண்டனர். காணாமையால் இன்மையை அறிதல் அது. ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலையில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியாமை குடம் இல்லாமைக்குச் சான்றாகாது. விளக்கை ஏற்றிப் பார்த்துத் தெரியாவிட்டால் ஆகும். மேற்கண்ட சாரார் யாவரும் விளக்கேற்றாமலே தீர்ப்புச் சொன்னவர்கள் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ‘அறியேன்’ என்ற செய்தியை அவர்கள் ‘இல்லை’ என்று வாசித்தனர்.

விளக்கேற்றும் வரிசை ஓரளவு தெளிவானதே. எந்தப் பவர்ஷெல், எந்தக் கணக்கு என்பதை முதலில் அறியவேண்டும். பின்னர் கெட்-மாட்யூல் கட்டளையை, இன்ஸ்டாலாகியுள்ள யாவற்றையும் பட்டியலிடும் விருப்பத்தேர்வோடு ஓட்டினால், இருக்கும் பதிப்புகளும் அவற்றின் கோப்புறைகளும் தெரியும். அக்கட்டளையையே விருப்பத்தேர்வின்றி ஓட்டினால் இந்தச் சாளரத்தில் உண்மையில் ஏறியிருப்பது தெரியும். இரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்திலேயே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும். அதன்பின் கெட்-கமாண்டை மாட்யூலின் பெயரோடு ஓட்டி, கட்டளை முழுப்பெயரில் இல்லாவிடினும் வேறு பெயரிலோ முன்னொட்டோடோ உள்ளதா என்று நோக்கலாம். சேவையோடு இணைந்தபின்னரே அதிகாரத்தைப் பற்றிய ஐயம் நியாயமாகும். அப்போதும் கணினி, சாளரம், பதிப்பு ஆகிய மூன்றையும் மாற்றாமல் கணக்கைமட்டும் மாற்றிப் பார்ப்பதே சோதனை. மீண்டும் இன்ஸ்டால் செய்வது இவ்வரிசையில் கடைசியாக வரவேண்டியது. நடைமுறையில் அதுவே முதலாவதாக வருகிறது. காரணம் ஊகிக்கக்கூடியதே: அது ஏதோ செய்ததுபோல் இருக்கிறது.

எஞ்சி நிற்பவை

இடம், காலம், அதிகாரம் ஆகிய மூன்று விளக்கங்களுள் எது பெரும்பான்மையான வழக்குகளுக்குப் பொருந்துகிறது என்று தொகையிட்டுச் சொல்லப் புகுவது துணிச்சல். ஒரே செய்தியின் கீழ் அனைத்தும் பதிவாகிவந்துள்ளமையால், பிழைப் பதிவுகளை எண்ணுவதாலும் அது கிட்டாது. தொலை செஷன்கள் மறைந்து ஏபிஐ வழி வந்தபின் இரவல் கட்டளைகளின் தொல்லை பெரும்பாலும் ஒழிந்ததென்பது உறுதியாகக் கூறத்தக்கது. கட்டளையின் பெயர் இப்போது மாட்யூலிலேயே இருப்பதால், அனுமதியில்லாதவருக்கு அதன் பெயராவது தெரிகிறது; மறுப்பு வருமிடத்து மறுப்பாக வருவதற்கு வாய்ப்பு கூடியிருக்கிறது. இது முன்னேற்றமே. ஆயினும் எல்லாக் கட்டளைகளும் ஒரே ஒழுங்கில் மறுக்கின்றன என்று சொல்லிவிட முடியாது.

ஷெல்லே வழிகாட்டும் முயற்சிகளும் உள்ளன. அகப்படாத கட்டளை எந்தத் தொகுப்பில் உள்ளதென்று உபுண்டு நெடுநாளாகச் சொல்லிவருகிறது; பவர்ஷெல் 7-உம் பெயரளவில் நெருங்கிய கட்டளைகளைப் பரிந்துரைக்கும் வசதியைப் பரிசோதனை அம்சமாகக் கொண்டுவந்தது. பெயர் ஒற்றுமையைக்கொண்டு ஊகிக்கும் இவ்வசதி எழுத்துப் பிழைக்கு உதவும். ஓய்வு பெற்ற கட்டளையின் இடத்தில் இன்று இருப்பது எது என்பதை எங்ஙனம் அறியும்? நீக்கப்பட்ட கட்டளையின் பெயரை வெறுமையாக விட்டுவிடாமல், இன்ன பதிப்பில் நீங்கியது, இன்னது அதன் ஸ்தானத்தில் வந்தது என்று சொல்லும் ஒரு கல்லறைக் கல்லை மாட்யூலிலேயே நட்டுவைத்தல் தொழில்நுட்பரீதியில் கடினமானதன்று. அத்தகைய கற்களை எத்தனை ஆண்டு காப்பது, அவற்றின் சுமையை யார் ஏற்பது, பெயர் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு சேவையில் அவை கட்டளைகளைவிட மிகுந்துபோனால் என் செய்வது என்பன இன்னும் விவாதத்தில் உள்ளன. கட்டளை உண்டு, உமக்கில்லை என்ற வாக்கியத்தைச் சேவை தன் நிர்வாகியிடம் எப்போதும் சொல்லவேண்டுமா, சிலரிடம் மறைக்கலாமா என்பதிலும் பாதுகாப்பை நோக்குவோரும் பழுது பார்ப்போரும் உடன்பட்டுவிடவில்லை. 126-க்கும் 127-க்கும் இடையே யூனிக்ஸ் இட்ட அந்தக் கோட்டை, தொலைவிலுள்ள சேவையொன்றின் கட்டளைகளுக்கு எங்கே இடுவது என்பதில்தான் வழக்கு நிற்கிறது.